கணப்பில்லாத கண்ணாடி வீட்டில் தக்காளி

1940 ஜூன் 28 மாலை. கெர்ன்சி தீவின் தலைநகரான செயின்ட் பீட்டர் போர்ட் துறைமுகத்தில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஏற்றியிருந்ததெல்லாம் தக்காளி, இங்கிலாந்துக்குப் போகும் கப்பலுக்காகக் காத்திருந்த சரக்கு. வானில் வந்த ஜெர்மன் விமானங்கள் அந்த வரிசையைப் படைவண்டிகள் என்று எண்ணிக் குண்டு வீசின. லாரிகளுக்கு அடியில் பதுங்கியவர்களும் தப்பவில்லை. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிரிட்டிஷ் படை தீவைவிட்டு ஏற்கெனவே விலகியிருந்தது. அதை ஜெர்மனிக்கு யாரும் முறையாகத் தெரிவிக்கவில்லை. அடுத்த இரண்டு நாளில் தீவு ஜெர்மனியின் வசமானது.

பிரான்ஸின் கரையை ஒட்டி, ஆங்கிலக் கால்வாயில் கிடக்கும் சிறிய தீவு அது. பரப்பு 65 சதுர கிலோமீட்டரைத் தாண்டாது. அத்தனை சிறிய இடத்தில், படை அணிவகுப்பு என்று நினைக்கும் அளவுக்கு லாரி லாரியாகத் தக்காளி எங்கிருந்து வந்தது? தென்னமெரிக்காவின் மலையடிவாரங்களில் பிறந்து, மெக்சிகோவில் தோட்டப் பயிரான செடி தக்காளி. பனி பட்டால் செத்துப்போகும். 10 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கினால் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மே மாதத்திலும் உறைபனி விழக்கூடிய ஒரு நாட்டில் அது பெரும் தொழிலானதற்கு முதல் காரணம் கண்ணாடி. ஆனால் கண்ணாடியால் மட்டும் அது நடந்துவிடவில்லை. கணப்புக்கு நிலக்கரி வாங்க வசதியில்லாத விவசாயி, இளஞ்செடிகளைக் கோடை வரை உயிரோடு கொண்டுசேர்க்கப் பட்ட பாடும், அதிலிருந்து பிறந்த அறிவும் இந்த வரலாற்றின் பெரும்பகுதி.

கண்ணாடி மலிவான கதை

ஸ்பானியர்கள் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் தக்காளி ஐரோப்பாவுக்கு வந்தது. இத்தாலியும் ஸ்பெயினும் அதைச் சமையலறைக்குள் விட்டன. இங்கிலாந்து நெடுங்காலம் சந்தேகத்தோடுதான் பார்த்தது. லண்டனில் தன் தோட்டத்தில் அதை வளர்த்த ஜான் ஜெரார்டே, 1597-இல் வெளியான தன் மூலிகை நூலில் அதன் வாடையையும் சத்தையும் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. அலங்காரச் செடியாகவே அது பல தலைமுறை காலம் தள்ளியது.

கண்ணாடிக்குக் கீழே பயிர் செய்யும் யோசனை அதைவிட மிகப் பழையது. ரோமப் பேரரசர் டைபீரியஸுக்கு ஆண்டு முழுவதும் வெள்ளரி வேண்டும் என்பதற்காக, சக்கரம் பூட்டிய பாத்திகளில் கொடியை வளர்த்து, வெயிலுக்கு வெளியே தள்ளி, குளிர்நாளில் ஒளி ஊடுருவும் கல்தகடுகளால் மூடினார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். ஆனால் அது அரசர் வீட்டு ஆடம்பரம். இங்கிலாந்திலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கண்ணாடி வீடு என்றால் பிரபுக்களின் அன்னாசியும் திராட்சையும்தான். காரணம் வரி. 1740-களின் நடுவில் விதிக்கப்பட்ட கண்ணாடி வரி எடைக்கு ஏற்ப வாங்கப்பட்டது. கனமான பெரிய கண்ணாடித் தகடு போட்டால் வரி கையைக் கடிக்கும்.

1845-இல் அந்த வரி ஒழிந்தது. ஆறே ஆண்டில், 1851 கண்காட்சிக்காக லண்டன் ஹைட் பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய படிக மாளிகைக்குக் கிட்டத்தட்ட 3 லட்சம் கண்ணாடித் தகடுகள் போயின. பார்த்தவர்கள் கட்டடத்தைக் கண்டு வியந்தார்கள். சந்தைத் தோட்டக்காரர்கள் கண்ணாடியின் விலையைக் கணக்குப் போட்டார்கள். அடுத்த அரை நூற்றாண்டில் தெற்குக் கடற்கரையின் வொர்த்திங், லண்டனுக்கு வடக்கே லீ பள்ளத்தாக்கு, கெர்ன்சி தீவு ஆகிய மூன்று இடங்களிலும் கண்ணாடிக் கூரைகள் வரிசை வரிசையாக எழுந்தன.

கெர்ன்சியில் முதலில் வந்தது திராட்சைதான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கேண்டி என்ற இடத்தில் ஒரு வணிகர் திராட்சைக்குக் கண்ணாடி வீடு கட்டியிருந்தார். நீராவிக் கப்பல் வந்த பிறகு பழங்கள் லண்டன் கோவென்ட் கார்டன் சந்தையை எட்டின. திராட்சைக்கு ஊடுபயிராக நுழைந்த தக்காளி, 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் திராட்சையை ஓரங்கட்டத் தொடங்கிவிட்டது. தக்காளி விளைந்த தோட்டத்தையும் தீவுக்காரர்கள் திராட்சை வீடு என்றே சொல்லிவந்தார்கள்.

நெருப்பு உள்ளவர், இல்லாதவர்

கண்ணாடி வீட்டு விவசாயிகள் இரண்டு வகை. முதல் வகையினரிடம் கொதிகலன் இருந்தது. சுடுநீர்க் குழாய்கள் வீடு நெடுக ஓடின. குளிர்காலத் தொடக்கத்திலேயே விதைத்து, ஜனவரி, பிப்ரவரியில் நட்டு, வசந்தத்திலேயே பறித்து உச்ச விலைக்கு விற்றார்கள். இரண்டாம் வகையினரிடம் கண்ணாடி மட்டும் இருந்தது. வீட்டின் ஒரு மூலையைச் சூடாக்கியோ, நொதிக்கும் குதிரைச் சாணத்தைக் குவித்து அதன்மேல் பாத்தி போட்டோ மார்ச் வாக்கில் விதைத்தார்கள். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ நாற்றுகளைக் கணப்பில்லாத வீட்டுக்கு மாற்றினார்கள். பழம் வர ஜூலை ஆகிவிடும். சந்தையில் அதற்குள் விலை சரிந்திருக்கும்.

ஒரு வாரம் முன்னால் நட்டால் ஒரு வாரம் முன்னால் காசு. எனவே இரண்டாம் வகையினருக்கு ஒவ்வொரு ஏப்ரலும் சூதாட்டம். பகலில் பிரச்சினை இல்லை. மேகமில்லாத நாளில் கண்ணாடி வீட்டுக்குள் வெப்பம் சட்டென்று ஏறிவிடும். இரவில்தான் ஆபத்து.

கண்ணாடி வெயிலின் வெப்பத்தைச் சிறைபிடித்து வைத்துக்கொள்கிறது என்றே பலரும் நம்பினார்கள். 1909-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் ஓர் எளிய சோதனை செய்தார். இரண்டு பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றதை வெப்பக் கதிரைத் தடுக்காத பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சூடாயின. சூடான காற்று மேலெழுந்து வெளியேறாமல் அடைத்துவைப்பதே கண்ணாடி வீட்டின் பெரிய வேலை என்று அதிலிருந்து தெரிந்தது. சூரியன் போனபின் அந்த அடைப்பால் பெரிய பயன் இல்லை. கூரை வழியே வெப்பம் வெளியேறி, விடியலுக்குள் உள்ளேயும் வெளியேயும் ஏறத்தாழ ஒரே குளிர் ஆகிவிடும்.

தோட்டக்காரர்கள் இதை இயற்பியல் படிக்காமலே அறிந்திருந்தார்கள். மாலை நான்கு மணிக்கே சாளரங்களை மூடிப் பகல் வெப்பத்தை உள்ளே நிறுத்திவைத்தார்கள். தெளிந்த வானம் தெரிந்தால் நாற்றுகளின் மேல் செய்தித்தாளோ சாக்கோ விரித்தார்கள். குளிர் உறைத்த நாற்று உடனே சாகாது. முதலில் அதன் இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாகும். மண் குளிர்ந்தால் வேர் பாஸ்பரஸை எடுக்கத் திணறுவதன் அடையாளம் அது. மண் சூடேறினால் புதிய இலை பச்சையாக வரும். அனுபவசாலிகள் அந்த நிறத்தைப் பார்த்து உரம் போட ஓடுவதில்லை, வெயிலுக்குக் காத்திருப்பார்கள்.

உண்மையில் பெரும் சேதம் வேறு வழியில் வந்தது.

செஷண்ட் கண்டுபிடித்தது

விதைத்த பத்தாம் நாள் தட்டு முழுக்க நாற்று தளதளவென்று நிற்கும். மறுநாள் காலையில் ஒரு மூலையில் நாலைந்து செடிகள் சாய்ந்து கிடக்கும். இலை இன்னும் பச்சை. குனிந்து பார்த்தால் மண்மட்டத்தில் தண்டு நீர் கோத்து, கறுத்து, நூல்போல இளைத்திருக்கும். அதற்கடுத்த நாள் அந்த மூலையைச் சுற்றி வட்டமாக இன்னும் ஒரு கைப்பிடி அளவு சாயும். ஒரு வாரத்தில் தட்டு காலி. தமிழ்நாட்டு விவசாயி இதை நாற்றழுகல் என்பார். குளிர்ந்து ஈரமான மண்ணும், நெருக்கமாக விதைத்த நாற்றும், அசையாத காற்றும் சேர்ந்த இடம் இந்நோய்க்குப் பிடித்த இடம். கணப்பில்லாத வீட்டில் மூன்றும் ஒருங்கே இருக்கும்.

லீ பள்ளத்தாக்கின் விவசாயிகள் இதற்கு ஆராய்ச்சி தேவை என்று உணர்ந்து, முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் செஷண்ட் என்ற ஊரில் தங்கள் பணத்தையும் போட்டு ஓர் ஆய்வு நிலையம் உருவாகக் காரணமானார்கள். அங்கே பூஞ்சை நோய்களை ஆராய்ந்த டபிள்யூ. எஃப். பியூலி, நோய் எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது விதையையும் மண்ணையும் மட்டும் பார்த்து நிற்கவில்லை. 1921-இல் அவரும் பட்டின் என்பவரும் கண்ணாடி வீடுகளின் தண்ணீரைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். நாற்றைச் சாய்க்கும் பூஞ்சைகள் பாசன நீரிலேயே இருந்தன.

இதில் ஒரு விபரீதம் உண்டு. குளிர்ந்த நீர் இளவேரைத் தாக்கும் என்பது பழைய தோட்டக்காரர்களின் பாடம். அதனால் கண்ணாடி வீட்டுக்குள்ளேயே தொட்டி வைத்து, நீர் வெதுவெதுப்பான பிறகே ஊற்றினார்கள். யோசனை சரிதான், தொட்டிதான் திறந்து கிடந்தது. உதிர்ந்த இலையும் மண்ணும் விழுந்து, பூஞ்சை அதில் குடியேறி, செடியைக் காக்க ஊற்றிய நீரே நோயைத் தட்டுக்குத் தட்டு கொண்டுபோனது. தொட்டியைக் கழுவு, மூடிவை, சுத்தமான நீரை நிரப்பு என்று நிலையம் சொன்னது.

மருந்தும் அங்கிருந்தே வந்தது. செஷண்ட் கலவை என்று அதற்குப் பெயர். இரண்டு பங்கு மயில்துத்தம், பதினோரு பங்கு அம்மோனியம் கார்பனேட். இரண்டையும் நன்றாகப் பொடித்துக் கலந்து, காற்றுப் புகாத கண்ணாடிச் சாடியில் ஒரு நாள் வைக்க வேண்டும். பிறகு ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் பொடியைக் கொஞ்சம் சுடுநீரில் கரைத்து, 9 லிட்டர் தண்ணீரில் சேர்த்து, விதைத்த மண்ணை நனைக்க வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது. மயில்துத்தத்தில் உள்ள செம்பு அதில் படிந்து மருந்து வீணாகும். சாய்ந்த செடியை இது எழுப்பாது. பக்கத்துச் செடியைக் காக்கும். எந்தத் தோட்டக்காரரும் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய இந்தக் கலவை பிரிட்டனில் பல தலைமுறை புழக்கத்தில் இருந்தது. இந்த நூற்றாண்டில்தான் விற்பனையிலிருந்து விலகியது.

மண்ணைப் பற்றிய புரிதலும் இதே காலத்தில் மாறியது. ஒரே வீட்டில் ஆண்டுதோறும் தக்காளியே நட்டால் மண் சோர்ந்துபோவதை விவசாயிகள் கண்டிருந்தார்கள். பழைய மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுமண் போடுவது பெருஞ்செலவு. ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ரசலும் ஹட்சின்சனும் 1909-இல் வெளியிட்ட ஆய்வு, மண்ணைச் சூடாக்கினால் அது மீண்டும் வளம் தருவதைக் காட்டியது. அதன்பின் குளிர்காலத்தில் வீடு காலியாக இருக்கும்போது மண்ணுக்குள் நீராவி செலுத்துவது லீ பள்ளத்தாக்கின் வழக்கமாயிற்று. கணப்புக்குக் காசில்லாதவரும் இதை வாடகைக்குச் செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

நாற்றுத் தட்டுக்கான மண்ணில் இறுதித் தீர்ப்பு எழுதியவர்கள் லண்டனுக்குத் தெற்கே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தின் வில்லியம் லாரன்ஸும் ஜான் நியூவெலும். அதுவரை ஒவ்வொரு தலைமைத் தோட்டக்காரரிடமும் செடிக்கு ஒரு கலவை இருந்தது, பெரும்பாலும் ரகசியம். நிறுவனத்தில் மரபியல் ஆய்வுக்கு வளர்த்த பிரிமுலா நாற்றுகள் தொடர்ந்து மடிந்ததால் 1930-களில் இருவரும் மண் கலவைகளை முறையாக ஒப்பிட்டார்கள். பல கலவை தேவையில்லை. விதைப்புக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று போதும் என்று முடிவு வந்தது. விதைப்புக் கலவை இதுதான்: நீராவியில் சுத்தமாக்கிய தோட்ட மண் 2 பங்கு, பீட் என்னும் சதுப்புநில மக்கு 1 பங்கு, மணல் 1 பங்கு, அளவாகச் சூப்பர் பாஸ்பேட், சுண்ணாம்புத் தூள். மண்ணை மட்டும்தான் சூடாக்க வேண்டும். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் நச்சு சேரும். நிறுவனம் இந்தச் சூத்திரத்துக்கு உரிமை கோரவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம் என்று வெளியிட்டது. இன்றும் பிரிட்டிஷ் கடைகளில் ஜான் இன்னஸ் பெயரில் மூட்டைகள் விற்கின்றன. நிறுவனத்துக்கு அதில் ஒரு காசும் இல்லை.

குளவியும் குளிரும்

நாற்று பிழைத்து இடுப்பளவு வளர்ந்தபின் வெள்ளை ஈ வரும். சயனைடு புகை போடுவது அக்காலத்து வைத்தியம். ஈயோடு ஆளும் போகக்கூடிய வைத்தியம் அது. 1926-இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் எல்ஸ்ட்ரீயில் ஒரு தக்காளி விவசாயி, இலையடியில் வெளுப்பாக இருக்கவேண்டிய வெள்ளை ஈக் குஞ்சுகள் சில கறுத்திருப்பதைக் கவனித்துச் செஷண்டின் பூச்சியியலாளர் ஸ்பையரிடம் காட்டினார். உள்ளே இருந்தது என்கார்சியா என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. ஈக்குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைத் தின்று வளர்வது. நிலையம் அதைப் பெருக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் ஆண்டுதோறும் 15 லட்சம் குளவிகள் பிரிட்டனின் சுமார் 800 தோட்டங்களுக்குப் போயின. கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின.

கணப்பில்லாத வீட்டுக்காரருக்கு இதிலும் ஒரு தடை. குளவிக்கு வெதுவெதுப்பு வேண்டும். வசந்தக் குளிரில் அது சோம்பிக் கிடக்கும், ஈ பெருகிவிடும். ஜூனுக்கு மேல்தான் குளவி பயன்பட்டது. போருக்குப்பின் டிடிடி வந்ததும் குளவி வளர்ப்பு கைவிடப்பட்டது. மருந்துக்கு ஈ பழகிவிட்ட பிறகு, 1970-களில் மீண்டும் தேடி எடுத்தார்கள்.

குளிர் வீட்டுக்காரர் மருந்தைவிட நம்பியது காற்றை. இரவில் கண்ணாடியில் படியும் நீர்த்துளி விடியலில் இலைமேல் சொட்டும்; ஈரம் உலராத இலையில் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். எனவே காலையில் வெயில் ஏறும் முன்பே முகட்டுச் சாளரம் திறந்தாக வேண்டும், குளிரடித்தாலும். தண்ணீர் முற்பகலில் மட்டும். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம். நண்பகலில் பூங்கொத்துகளைத் தட்டி மகரந்தம் உதிர்ப்பார்கள். இந்தக் கடைசி வேலை 1980-களின் பிற்பகுதியில்தான் ஒழிந்தது. பெல்ஜியத்தின் கால்நடை மருத்துவர் ரோலண்ட் டி யோங்க, வண்டுபோலத் தடித்துத் தோன்றும் பம்பிள் தேனீ தக்காளிப் பூவை மனிதரைவிடச் சிறப்பாக உலுக்குவதைக் காட்டி, 1987-இல் அத்தேனீக்களைப் பெட்டியில் விற்க நிறுவனமே தொடங்கினார்.

நெருப்பு அணைந்த பிறகு

ஜெர்மன் ஆக்கிரமிப்பின் ஐந்து ஆண்டுகளில் கெர்ன்சிக்கு இங்கிலாந்துச் சந்தையும் இல்லை, நிலக்கரியும் இல்லை. கொதிகலன் வைத்திருந்தவரும் இல்லாதவரும் ஒன்றானார்கள். ஏற்றுமதித் தக்காளி விளைந்த வீடுகளில் உருளைக்கிழங்கும் அவரையும் தீவு மக்களின் பசிக்காக விளைந்தன. போர் முடிந்ததும் தக்காளி திரும்பியது. தீவு மீண்டும் செழித்தது. எண்ணெய்க் கொதிகலன்கள் வந்தன.

1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது அந்தச் செழிப்பு ஆட்டம் கண்டது. 1959-இல் குரோனிங்கனில் கண்டெடுத்த இயற்கை எரிவாயுவில் கண்ணாடி வீடுகளைச் சூடாக்கிய டச்சுக்காரர்களோடு விலையில் போட்டியிட முடியவில்லை. சில பத்தாண்டுகளில் கெர்ன்சியின் தக்காளி ஏற்றுமதி இல்லாமலே போனது. லீ பள்ளத்தாக்கில் இத்தாலியிலிருந்து, பெரும்பாலும் சிசிலியிலிருந்து வந்து குடியேறியவர்கள் பல தோட்டங்களை எடுத்து நடத்தி, வெள்ளரிக்கும் குடைமிளகாய்க்கும் மாறினார்கள்.

நெருப்பையே நம்பாத முறை வென்றது தெற்கே. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எமர்ட் என்ற பேராசிரியர் 1948-இல் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் குடில் அமைத்துக் காட்டியிருந்தார். ஸ்பெயினின் அல்மெரியா மாவட்டத்தில், திராட்சைப் பந்தல் போடத் தெரிந்த ஏழை விவசாயிகள் 1960-களில் அதே பந்தலின் கம்பிகளுக்கு நடுவே பாலிதீனை விரித்தார்கள். மண்ணின்மேல் தொழுவுரமும் அதன்மேல் மணலும் பரப்பினார்கள்; மணல் ஈரத்தைக் காத்தது, வேரடியைச் சூடாக வைத்தது. இன்று 30,000 ஹெக்டேருக்கு மேல் குடில்கள். பெரும்பாலானவற்றில் கணப்பு கிடையாது. பாலிதீனுக்கும் ஒரு குறை உண்டு. வெப்பக் கதிரை அது கண்ணாடியைவிட எளிதாக வெளியே விட்டுவிடும். காற்றில்லாத தெளிந்த இரவில் குடிலுக்குள் வெளியைவிடக் குளிர் மிகுவதும் உண்டு. காலைச் சாளரமும் முற்பகல் பாசனமும் அங்கேயும் கட்டாயம்.

தமிழ்நாட்டில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தக்காளி நாற்று இன்று நிழல்வலைக் குடிலில், 98 குழிகள் கொண்ட தட்டுகளில், மக்கிய தென்னை நார்க்கழிவில் வளர்கிறது. சுமார் 25 நாளில் நடவுக்குப் போகிறது. இங்கே எதிரி குளிரல்ல, வெயிலும் பூச்சியும். நாற்றழுகல் மட்டும் அதே நாற்றழுகல். வேளாண் பல்கலைக்கழகம் விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடியும், நாற்றங்காலுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடும் சொல்கிறது. செஷண்ட் சாடியில் இருந்த அதே செம்புதான், வேறு உப்பாக. செம்பு கடைசி ஆயுதம், முதல் காவல் சுத்தமான தண்ணீர். புதிதாகக் குடில் போடுகிறவர்கள் வலைக்கும் கம்பத்துக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, பாசி படர்ந்த திறந்த சிமெண்ட் தொட்டியிலிருந்து தண்ணீர் தெளிப்பதை எங்கும் பார்க்கலாம். நூறாண்டுக்கு முன்னால் நோய் அகப்பட்ட இடங்களில் அந்தத் தொட்டியும் ஒன்று. முதல் தட்டை விதைக்கும் முன் அதைக் கழுவி, மூடி போட்டுவிடுங்கள்.